வற்ற இறைத்த கிணறு

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பைரோஜாவுக்குப் பிழை பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, நாள்காட்டி, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று எது அச்சேறுவதாக இருந்தாலும் முதலில் அவள் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். ஆனாலும் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் சோற்றில் கல் கடிபட்டதுபோல முகம் சுளித்துவிடுவாள். மூக்குக் கண்ணாடியும் சிவப்பு மைப் பேனாவுமாக அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் மேலாளர் கனகசபாபதிகூடக் கொஞ்சம் அடங்கித்தான் வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், அவரே ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். அது கம்பெனி ஆர்டர் இல்லை. அவர் செயலாளராக இருந்த மரபுக் கூடலுக்கான அழைப்பு. வருடா வருடம் மே மாதத்தின் முதல் ஞாயிறு, காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கூடுவார்கள். சிலம்பம் சுற்றுவது, இளவட்டக்கல் தூக்குவது, கத்தாழை நாரில் கயிறு திரிப்பது, தீப்பெட்டி இல்லாமல் கட்டையைக் கடைந்து தீ மூட்டுவது, கடைசியில் தோப்புக் கிணற்றில் குதித்து நீந்துவது. எட்டு வருடமாக நடந்துவந்தது. வருகிறவர்கள் அச்சகம், பட்டாசு, பலசரக்கு என்று வியாபாரம் பார்க்கும் வீட்டு ஆண்கள். நூறு பேர் தேறும்.

பைரோஜா இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு தப்பு இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

"எங்கம்மா?"

"அனைவரும் வருகன்னு போட்டுருக்கீக. இந்த எட்டு வருசத்துல ஒரு பொம்பளையாவது வந்திருக்காளா?"

அவர் சிரித்தார். "யாரு வரவேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னு யாரும் சொல்லல. அங்கன வந்தா எங்க ஒதுங்குறது, எங்க துணி மாத்துறது? அதையும் யாரும் சொல்லலயே."

கனகசபாபதி நல்ல மனுஷர். கோபப்படவில்லை. "இதைக் கமிட்டிக்கு வந்து சொல்லு" என்றார்.

பைரோஜாவுக்கு இதில் என்ன அக்கறை என்று அச்சகத்தில் பலருக்கும் விளங்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது. ஆறு வயதில் அம்மாவின் ஊர்க் கிணற்றில் மாமா முதுகில் தொற்றிக்கொண்டு இறங்கியவள். பன்னிரண்டு வயதானதும் இனிப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் அவள் உடம்பு முழுதாகத் தண்ணீருக்குள் போனதில்லை. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் கணவர் ஜெய்லானியிடம் சொன்னபோது, அவர் பை தைக்கும் மெஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டே, "உனக்கு இன்னும் மிதக்க வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் மறக்காதுங்க."

"அப்பப் போய்க் கேளு."

கமிட்டியில் ஏழு பேர். தோப்பின் சொந்தக்காரர் சங்கரலிங்கமும் அதில் ஒருவர். பைரோஜா ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். கிணற்றுக்கு இரண்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். நாலு பக்கமும் மறைப்புக் கட்ட வேண்டும். மோட்டார் அறையைத் துணி மாற்ற விட வேண்டும். வரப்போக ஒரு வேன் வேண்டும். இதெல்லாம் எளிதாக ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று கேட்டாள். தீக்கடையும் இடத்தைக் கிணற்றுக்கும் சாப்பாட்டுப் பந்தலுக்கும் தள்ளி, புகை இந்தப் பக்கம் வராத இடமாக வைக்க முடியுமா என்று.

ஒருவர் சலித்துக்கொண்டார். "தீ இல்லாம என்னம்மா கூடல்? நம்ம ஊரே தீயிலதான பொளைக்குது."

"அதனாலதான் அண்ணாச்சி கேக்கேன். அந்தத் தீயில வெந்தவங்களும் வருவாங்க."

அதற்குச் சங்கரலிங்கம்தான், "மேக்கால தரிசு கெடக்கு. அங்கன வச்சுக்கலாம்" என்றார். "கெணறு எல்லாருக்கும்தான். வரட்டும்."

பைரோஜா மனதில் வைத்துக் கேட்டது ராமுத்தாயை. அவள் அதே அச்சகத்தில் நாள்காட்டிக்குத் தகரப் பட்டை அடிக்கும் பிரிவில் இருந்தாள். விஸ்வநத்தத்துக்காரி, ஐம்பதை நெருங்கியவள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றியதில் இடது கை முழுக்க, முதுகு, கழுத்து எல்லாம் வெந்துபோய்ப் பிழைத்தவள். சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருப்பாள். கோடையில் அவளைப் பார்க்கவே பாவமாக இருக்கும். தாள் பறக்கும் என்று அந்தப் பிரிவில் காற்றாடி போட மாட்டார்கள். வெந்து ஆறிய தோலில் வேர்வை வராது. உள்ளே கொதிக்கும், இழுக்கும், அரிக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஈரத் துண்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"எனக்கு நீச்சலும் தெரியாது ஒண்ணும் தெரியாது தாயி. நான் வந்து வேடிக்கை பாக்கேன்" என்றாள்.

"தெரியாதவங்களுக்குத்தான் கூடலே. நான் பிடிச்சுக்கிடுதேன்."

"ஒடம்ப நாலு பேரு பாப்பாக."

"பொம்பளைகதான்."

"பொம்பளைகதான் ரொம்பப் பாப்பாக" என்றாள் ராமுத்தாய். ஆனாலும் வர ஒத்துக்கொண்டாள்.

இன்னொருத்தி ஆர்த்தி. இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் பெண். பைரோஜாவின் சிவப்பு மைத் திருத்தங்களைப் போட்டுக்கொடுப்பவள் அவள்தான் என்பதால் இரண்டு பேருக்கும் நாள் முழுக்கப் பேச்சுண்டு. கூடல் என்றதும் உற்சாகமாகக் கேட்டவள், எந்த ஊர் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டாள்.

"அது எங்க ஊருதான்க்கா. அந்தத் தோப்புக்கு எங்க காலனி ஆளுக வேலைக்குத்தான் போவாங்க. தேங்கா வெட்ட, மட்டை பொறக்க. கெணத்துல எறங்க மாட்டாங்க."

"அதெல்லாம் பேசியாச்சு ஆர்த்தி. எல்லாருக்கும்தான்னு அவரே சொல்லிட்டாரு."

அதை பைரோஜா பேசியிருக்கவில்லை. பெண்களுக்காகப் பேசினாள், மறைப்புக்காகப் பேசினாள், தீக்காகப் பேசினாள். காலனி என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. பெண்கள் என்று சொன்னதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆர்த்தி கேட்டபோது ஒரு விநாடி மனதில் இடறியது. ஆனால் சங்கரலிங்கத்தின் வார்த்தையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் பல நாள் இந்த ஒரு விநாடியைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பெண்கள் வேனில் போனார்கள். கிணற்றைச் சுற்றி மறைப்புக்கு அச்சகத்தில் கிடந்த பழைய பிளெக்ஸ் பதாகைகளைக் கட்டியிருந்தார்கள். காதணி விழாப் பதாகை ஒன்றை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டதால் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குழந்தை மேலிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏலே, கண்ண மூடு" என்று ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல, அதிலேயே பாதிப் பேருக்குக் கூச்சம் போய்விட்டது.

சதுரக் கிணறு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் பதினைந்தடி இறங்கினால் தண்ணீர். பைரோஜா சுடிதாரின் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தபோது பயமாகத்தான் இருந்தது. சட்டென்று கையை விட்டாள். தண்ணீர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. அடுத்த மூச்சில் அவள் மேலே இருந்தாள். கை, கால் எல்லாம் தானாகவே தம் வேலையைப் பார்த்தன. மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக, பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டிக்கொண்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டும் இறங்கினார்கள். ஆர்த்தி வெகு நேரம் மேலேயே நின்றாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் மேலிருந்தே குதித்துவிட்டாள். நீந்தத் தெரியவில்லை. மூழ்கி, தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டே சிரித்தாள். "எங்க ஊருக் கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும்னு நெனச்சேன்க்கா. இனிக்குது" என்றாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

ராமுத்தாய் சட்டையோடுதான் இறங்கினாள். கழுத்துவரை தண்ணீர் வந்ததும் சட்டை ஊதிக்கொண்டு இழுத்தது. அவளே ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, உருவி, படியில் நின்ற ஆர்த்தியிடம் கொடுத்தாள். யாரும் அந்தப் பக்கம் பார்க்காததுபோல இருந்தார்கள். பைரோஜா அவள் முதுகுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

"விட்டுறாதீக தாயி."

"விட மாட்டேன்."

உடம்பு விறைத்துக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. காது தண்ணீருக்குள் போயிற்று. ராமுத்தாய் மேலே தெரிந்த சதுர வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். கண் ஓரத்தில் வழிந்தது கிணற்றுத் தண்ணீரா வேறா என்று பைரோஜாவுக்குத் தெரியவில்லை.

"எரியல" என்றாள் ராமுத்தாய். மறுபடியும், யாருக்கோ தகவல் சொல்வதுபோல, "எரியவே இல்ல."

மேலே ஏறி வந்தபோது சங்கரலிங்கத்தின் மனைவி மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்திருந்தார். பெரிய பாத்திரத்தில் மோர் கொண்டுவந்திருந்தார். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை. பேச்சுவாக்கில் கேட்டார்.

"நீக பாய் வீடா?"

"ஆமாங்கம்மா" என்றாள் பைரோஜா.

ராமுத்தாயின் கையைப் பார்த்தார். "இது ஆறுன புண்ணா, இன்னும் சீழு கீழு வருமா?"

"பத்தொன்பது வருசமாச்சுங்க" என்று ராமுத்தாய் அவசரமாக ஈரச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிறகு ஆர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒன்ன எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. யாரு வீட்டுப் புள்ள?"

ஆர்த்தி தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓ" என்றார் அந்த அம்மாள். காலியான பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ராமுத்தாய் வேலைக்கு வந்தபோது பட்டை அடிக்கிற பிரிவே ஒரு நிமிடம் நின்றுவிட்டது. சட்டை இல்லை. அரைக்கை ரவிக்கை, சேலை. சுருங்கிப் பளபளத்த இடது கை எல்லார் கண்ணுக்கும் தெரிய, அவள் தன் இடத்தில் உட்கார்ந்து தகரத்தை எடுத்தாள். மதியம் முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல், மற்றவர்களோடு வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பைரோஜா தன் டிபனில் இருந்த முட்டைப் பொரியலை அவள் தட்டில் வைத்தபோது, "அடுத்த வருசம் நானே கைய அடிச்சு நீந்திருவேன் பாருங்க" என்றாள். செவ்வாயும் சட்டை இல்லை. புதனும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆர்த்திக்கு அவள் சித்தியிடமிருந்து போன் வந்தது. சித்தி காலனியில் இருப்பவள். பேச்சின் நடுவே சாதாரணமாகத்தான் சொன்னாள். செவ்வாயிலிருந்து தோப்பில் மோட்டார் நிற்காமல் ஓடுகிறதாம். தண்ணீரைத் தென்னைக்கும் விடவில்லையாம். குழாயைத் திருப்பி ரோட்டோரப் பள்ளத்தில் விட்டுவிட்டார்களாம். "நமக்குப் புண்ணியமாப் போச்சு ஆத்தி. ரெண்டு நாளா தண்ணிக்கு அலையல. கொடம் கொடமாப் பிடிச்சு வச்சுருக்கோம்" என்றாள் சித்தி. அவளுக்குக் கூடல் பற்றியோ ஆர்த்தி கிணற்றில் இறங்கியது பற்றியோ தெரியாது.

ஆர்த்தி போனை வைத்தாள். பிறகு எழுந்து வந்து பைரோஜாவிடம் சொன்னாள். தகரப் பட்டைக்கும் பிழை பார்க்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. சொன்னது ராமுத்தாய்க்கும் கேட்டது.

அன்று மதியமே பைரோஜா விடுப்புச் சொல்லிவிட்டு ஜெய்லானியின் பைக்கில் காரியாபட்டிப் பக்கம் போனாள். தோப்பில் மோட்டார் நின்றிருந்தது. கிணற்று வாயில் நின்று எட்டிப் பார்த்தாள். அடியில் சேறு. அதில் ஒரு ஆள் இறங்கி மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தான். அவர்கள் உட்கார்ந்த படிக்கல் எல்லாம் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. காதணி விழாப் பதாகையைச் சுருட்டி வேலி ஓரம் போட்டிருந்தார்கள்.

சங்கரலிங்கம் வந்தார். "வாங்க, என்ன இந்தப் பக்கம்? சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டோம் அண்ணாச்சி. கெணத்த எறைச்சிருக்கீக போல."

"தூர் வாரணும்ல. கோடையில வாருறதுதான்." அவர் கண் பைரோஜாவின் முகத்தில் நிற்கவில்லை, தென்னை உச்சியைப் பார்த்தது. "இருங்க, எளநி வெட்டச் சொல்றேன்."

அந்த மே மாதத்தில், அந்தச் சுற்று வட்டாரத்தில், நிறைந்த கிணற்றை ரோட்டோரப் பள்ளத்துக்கு இறைத்துவிட்டுத் தூர் வாருகிறவர் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யாருக்காக இறைத்தீர்கள் என்று கேட்பதற்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த இடத்தில் நின்றபோது அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. எங்களுக்காக இருக்காது, பாய் வீட்டுக்காரர்களோடு இந்த ஊரில் கொடுக்கல் வாங்கல் உண்டே, வேறு யாருக்காகவாவதுதான் இருக்கும் என்று. அப்படி நினைத்த உடனே அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக வந்தது. வேறு யாரும் என்றால் யார்? தன் கையில் மிதந்த ராமுத்தாயா, தன் வார்த்தையை நம்பிக் குதித்த ஆர்த்தியா? அவர்களில் ஒருத்தியாக இருக்கட்டும் என்றுதானே இப்போது அவள் விரும்பினாள்.

இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறினாள். பாதி தூரம் வந்த பிறகு ஜெய்லானி, "கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா என்ன சொல்லுவாருங்க?"

"ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்பாரு."

"அந்த ஒண்ணத் தூக்கிக்கிட்டு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. வண்டியை மெதுவாக ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை ராமுத்தாய் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துவரை பொத்தான். சாப்பாட்டு நேரத்தில் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பைரோஜாவும் ஆர்த்தியும் போய் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"நான் எறங்கியிருக்கக் கூடாது" என்றாள் ராமுத்தாய். "அந்தம்மா புண்ணான்னு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குடிக்கிற தண்ணி. யாருக்குத்தான் மனசு வரும்?"

"அக்கா, ஒங்களுக்காக இல்ல" என்றாள் ஆர்த்தி. "எங்க ஊரு எனக்குத் தெரியாதா? எங்கம்மா பேரச் சொன்னதும் அவுங்க மொகம் மாறுச்சு, நான் பாத்தேன். எனக்காகத்தான் எறைச்சாங்க."

"என்னையத் தேத்துறதுக்குச் சொல்லுத."

"இல்லக்கா."

"ரெண்டு பேருக்காகவும் இல்ல" என்றாள் பைரோஜா. "முதல்ல என்னையத்தான கேட்டாக, பாய் வீடான்னு. எனக்காகத்தான்."

அவள் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. நேற்று நினைத்ததற்குப் பரிகாரமாகச் சொன்னாள். ஆனால் கேட்ட இருவருக்கும் அது ஆறுதலுக்குச் சொன்ன பொய்யாகத்தான் பட்டது. ஆர்த்தி சொன்னதையும் ராமுத்தாய் நம்பவில்லை. மூன்று பேரும் ஒருத்தி சுமையை ஒருத்தி வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். யாரும் தன்னுடையதை விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. பாதித் தட்டோடு எழுந்தார்கள்.

கை கழுவும் இடத்தில் ஆர்த்தி பைரோஜாவிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்களப் பத்தி நிசமாவே அவருகிட்டப் பேசுனீங்களாக்கா?"

"இல்ல ஆர்த்தி."

ஆர்த்தி தலையை ஆட்டினாள். கோபித்துக்கொண்டிருந்தால் பைரோஜாவுக்கு நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா" என்றாள்.

பைரோஜா மறுபடி கமிட்டிக்குப் போனாள். இந்தத் தடவை தாள் இல்லை. தோப்பை மாற்றுங்கள் என்றாள். நடந்தது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சங்கரலிங்கம் வரவில்லை. யாரும் அவர் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. "தூர் வாருனேன்னு சொல்றாரு, நாம என்னன்னு சண்டை போட?" என்றார் ஒருவர். "எட்டு வருசமா எடம் குடுத்த மனுசன்" என்றார் இன்னொருவர். கிணற்று நீச்சலை மட்டும் அடுத்த வருடத்திலிருந்து எடுத்துவிடலாம், யாருக்கும் சங்கடம் இருக்காது என்று முடிவானது. பெண்கள் கயிறு திரிக்க வரலாம் என்றார்கள்.

வெளியே வந்தபோது கனகசபாபதி செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் என்னம்மா செய்யட்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க அங்கன ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அண்ணாச்சி" என்றாள் பைரோஜா. சொல்லும்போதே, தோப்பில் நின்று தானும் பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆர்த்தி ஆகஸ்டில் கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாள்காட்டி சீசன் தொடங்குகிற நேரம்; அவள் இடத்துக்கு வந்த பையனுக்குச் சிவப்பு மை பழகவே தீபாவளி தாண்டிவிட்டது. அவளிடமிருந்து எப்போதாவது போன் வரும். வேலை, விடுதிச் சாப்பாடு, பஸ் நெரிசல் என்று எல்லாம் சொல்வாள். ஊருக்கு வந்தால் அச்சகத்துக்கு வருகிறேன் என்பாள். வந்ததில்லை.

பைரோஜா சும்மா இருந்துவிடவில்லை. அடுத்த மே மாதத்துக்கு வேறு கிணறு தேடினாள். அம்மாவின் ஊரில் மாமா மகன் தோட்டக் கிணறு கிடைத்தது. இந்தத் தடவை அவள் எதையும் பொத்தாம் பொதுவாக விடவில்லை. யார் யார் வருவார்கள், எந்தத் தெருவிலிருந்து, எந்தக் காலனியிலிருந்து, யார் உடம்பில் என்ன காயம் என்று மாமா மகனிடமும் அவன் மனைவியிடமும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இவுக எல்லாரும் எறங்குவாக. அப்புறம் தண்ணிய எறைப்பேன்னா இப்பவே சொல்லிரு, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்" என்றாள். அவன் பதறிப்போய், "என்ன மதினி இப்படிக் கேக்கீக" என்றான். அவள் விடாமல் பதில் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

அந்த ஞாயிறு காலை வேனை விஸ்வநத்தத்துக்கு ஓட்டச் சொல்லி, ராமுத்தாய் வீட்டு வாசலில் இறங்கினாள். ராமுத்தாய் உள்ளே உட்கார்ந்து பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிறு வேலை அது. முன்பே நாலு தடவை சொல்லியும் அவள் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லியிருக்கவில்லை.

"வாங்கக்கா, எல்லாரும் வண்டியில இருக்காக."

"நீக போயிட்டு வாங்க தாயி."

"எல்லாம் நானே பேசிட்டேன். ஒவ்வொண்ணாச் சொல்லியிருக்கேன். அங்கன ஒரு குறையும் வராது."

"வராது தாயி. நீக செஞ்சா ஒளுங்காச் செய்வீக." கை நிற்காமல் குழாய் சுற்றியது. "எனக்குத்தான் முடியாது. இன்னொரு கெணறு அப்படிப் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

பைரோஜா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"ஒண்ணு கேக்கேன். நீக அன்னைக்குப் போயிப் பாத்தீகள்ல?" ராமுத்தாய் இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "அம்புட்டுத் தண்ணியையுமா எறைச்சுட்டாக? அடித் தண்ணி கூடக் கெடக்கலையா?"

சேறும் மண்வெட்டியும் பைரோஜாவின் கண்ணில் வந்து நின்றன. "கொஞ்சம் கெடந்துச்சுக்கா" என்றாள்.

ராமுத்தாய் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்துப் பிழை பார்க்கிறவளுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை, சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த காகிதத்தை எடுத்துப் பசை தடவினாள்.

"போங்க. அவுக வெயில்ல காத்துக்கெடக்காக" என்றாள்.

அன்று ஒன்பது பெண்கள் நீந்தினார்கள். இரண்டு பேர் கேன் இல்லாமலே மிதக்கப் பழகிவிட்டார்கள். இந்த வருடம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மாமா மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கிணறு அப்படியே இருக்கிறது. ராமுத்தாய் கடந்த பொங்கலோடு அச்சக வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே குழாய் சுற்றுகிறாள். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பைரோஜாவைப் பார்த்தால் நின்று பேசுவாள். ஜெய்லானிக்குச் சுகர் எப்படி, ஆர்த்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று விசாரிப்பாள். பஸ் வந்ததும் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொள்வாள்.